ஹெல்வி ஏரி

ஹெல்சிங்கியைக் கடைசி நேரத்தில்
யாரோ சுருக்கிவிட்டார்கள்.
நகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை,
கடலோரம் அது பாட்டுக்கு இருந்தது.
எங்கள் சிறுவர் கலைக்களஞ்சியத்தில்தான்
இரண்டாம் தொகுதி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பதினான்கு வரிக்கு ஓட்டை.

காலை ஆறு மணிக்கு அச்சு ஓட வேண்டும்.
தம்பெரே முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
அலுவலகத்தில் விழித்திருந்தது
நானும், காபி ஊற்றும் ஹெல்வியும்.
"ஏன் முகம் இப்படி இருக்கிறது?"
"பதினான்கு வரி வேண்டும். ஹெ-யில் தொடங்கணும்."
"என் பேரைப் போடேன்" என்று சிரித்தவள்
கெட்டிலைக் கழுவப் போனாள்.

போட்டேன்.

ஹெல்வி ஏரி. ஊலுவுக்குக் கிழக்கே.
நீளம் மூன்று கிலோமீட்டர்.
ஆழம் பதினொரு மீட்டர்
(சுவர்க் கடிகாரம் அப்போது பதினொன்று காட்டியது).
மே கடைசிவரை பனிக்கட்டி மிதக்கும்.
கரையெல்லாம் பிர்ச் மரங்கள்.
பெர்ச் மீன் உண்டு; பெரிதாக வளராது.

அந்தப் 'பெரிதாக வளராது'தான்
இன்றுவரை எனக்குப் பெருமை.
பொய்க்குச் சின்னதாக ஒரு குறை வைக்க வேண்டும்,
அப்போதுதான் காலூன்றி நிற்கும்.

ஏரிகளை எண்ணப் புறப்பட்டவர்கள்
இந்த நாட்டில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போனதில்லை.
ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று, யார் கேட்கப்போகிறார்கள்?
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நான் காலே விடாமல் ஆழம் எழுதியவள்.

இரண்டு கோடைகள் போயின.
பிறகு ஒரு கடிதம்,
கோடு போட்ட தாளில், பென்சிலில்.
கெமி. தாவெட்டி. வயது ஒன்பது.

"மதிப்புக்குரிய கலைக்களஞ்சியமே" என்று தொடங்கியிருந்தான்.
யாருக்கு எழுதுவதென்று யோசித்துப் பார்த்து
புத்தகத்துக்கே எழுதிவிட்டான் போல.

"அப்பா பால் லாரி ஓட்டுகிறார்.
லீவில் ஹெல்வி ஏரிக்குப் போனோம்.
இரண்டு நாள் தேடினோம்.
பெட்ரோல் பங்கில் கேட்டதற்கு
அப்படி ஒன்று கிடையாது என்றார்கள்.
அவர்களிடம் உங்கள் புத்தகம் இல்லை.
அப்புறம் கண்டுபிடித்துவிட்டோம்.
பெயர்ப்பலகை இல்லை, ஆனால் பிர்ச் மரங்கள் இருந்தன.
பெர்ச் பிடித்தேன். நீங்கள் சொன்ன மாதிரி சின்னதுதான்.
கயிற்றில் கல்லைக் கட்டி ஐந்து இடத்தில் இறக்கினேன்.
எங்கேயும் நான்கு மீட்டரைத் தாண்டவில்லை.
கயிற்றை அளக்கும்போது அப்பாவும் கூட இருந்தார்.
தயவுசெய்து திருத்தவும்."

நின்றுகொண்டே படித்தேன்.
சவுனாவிலிருந்து வந்தவள்போல் காது எரிந்தது.
பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன்.
'அன்புள்ள தாவெட்டி, அப்படி ஒரு ஏரி'
என்பதுவரை சரியாகத்தான் வந்தது.

இரண்டாம் பதிப்பு வந்தது.
எண்களைச் சரிபார்க்கும் சொய்னி
சட்டைப்பையில் அடிக்கோலோடு திரிகிற மனிதர்.
"பதினொன்று எப்படி நான்காயிற்று?"
"புது அளவீடு."
"யார் எடுத்தது?"
"கெமியிலிருந்து வந்திருக்கிறது."
"எந்த முறையில்?"
"கயிறு, கல். ஐந்து இடத்தில். சாட்சியும் உண்டு."
கடிதத்தை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து,
கோப்பில் துளையிட்டுச் சேர்த்தார்.
"மற்ற ஏரிகளுக்கு இவ்வளவுகூட இல்லையே" என்றார்.

உண்மைதான்.
மற்றதெல்லாம் வேறு புத்தகங்களிலிருந்து எடுத்தது;
அந்தப் புத்தகங்கள் எதிலிருந்து எடுத்தனவோ,
எங்களில் யாரும் போய்க் கல் இறக்கிப் பார்த்ததில்லை.

"முந்தைய பதினொன்று யாருடைய அளவு?"
வாசல்வரை போனவர் திரும்பிக் கேட்டார்.
நான் காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது.

திருத்திய பக்கத்தைக் கெமிக்கு அனுப்பினேன்,
'நன்றி' என்ற ஒரே சொல்லோடு.
ஹெல்விக்கும் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"நான்குதானா?" என்றாள்.
கொஞ்சம் வருத்தம் மாதிரி இருந்தது.